அப்பா ஜமீன், மகன் ஜாமீன்

ஜப்பானில் ஒரு சாமுராய் பிரபு சறுக்கி விழுந்தால் கதை சட்டென்று முடியும். அப்பா வயிற்றைக் கிழித்துக்கொள்வார், மகன் இடுப்பில் வாளோடு வேலை தேடி ஊர் ஊராக அலைவான். நம்ம சங்கரன்கோவில் பக்கம் இந்த ரத்தக்களறியெல்லாம் கிடையாது. அப்பா கடன் வாங்குவார், மகன் வக்கீல் வைப்பார்.

சிவகிரி ஜமீனைத்தான் சொல்கிறேன். அன்றைய சங்கரநயினார்கோவில் தாலுகாவில், மலையடிவாரத்தில் கோட்டை, கொத்தளம், வேல்கம்பு என்று மிரட்டிக்கொண்டிருந்த பாளையம். 1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களை ஜமீன்தார்களாக்கி, வாளைப் பிடித்த கையில் கிஸ்தி ரசீதைத் திணித்தது. சண்டை போட்டே பழகிய பரம்பரை, இனி பொழுதுபோக என்னதான் செய்யும்? செலவு செய்யும்!

அப்படித்தான் ஒரு ஜமீன்தார் ஏகப்பட்ட கடனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். வாரிசின் பெயர் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியார். முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ராஜபாளையம் பஸ் கிளம்பிவிடும். பட்டத்தோடு சேர்ந்து பாக்கியும் வந்தது.

பாக்கியைக் கேட்டு நின்றவர் முத்தையன் செட்டி. சங்கரன்கோவில் ஆடித்தபசில் கோமதி அம்மன் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்த சீமையாச்சே! ஆனால் அம்மன் கேட்டது தரிசனம். செட்டியார் கேட்டது ஜமீனையே. "இது பூர்விகச் சொத்து, அப்பா கடனுக்குத் தொடாதே" என்பது வாரிசின் கட்சி. சென்னை ஹைகோர்ட்டும் தலையாட்டியது. செட்டியார் அசரவில்லை, கேஸை லண்டனுக்கே கப்பலேற்றினார்.

இங்கேதான் சார் காமெடி. தகப்பன் கடனை மகன் அடைக்கவேண்டும் என்கிறது தர்மசாஸ்திரம். கூடவே ஒரு சலுகை: குடி, சூதாட்டம், பெண் சகவாசம் என்று வாங்கிய கடனுக்கு மகன் பொறுப்பில்லை. அதாவது, அப்பா உத்தமர் என்றால் சொத்து காலி. அப்பா மைனர் என்று ருசுப்படுத்தினால் சொத்து பத்திரம்! எந்தப் பிள்ளைக்காவது இப்படியொரு சோதனை வருமா? கோர்ட்டில் அப்பா மானத்தைக் காப்பாற்றினால், வீட்டில் ஜப்தி.

மதிய வெயிலில் மிளகாய் வற்றல் காயும் வாசனையைக் கனவிலும் அறியாத பிரிவி கவுன்சில் துரைமார், தேம்ஸ் கரையில் உட்கார்ந்து இந்து சட்ட நூலான மிதாக்ஷரத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். 1882-ல் தீர்ப்பு: பங்கு பிரிக்க முடியாத ஜமீனாகவே இருக்கட்டும், மகன் கைக்கு வந்த சொத்து அப்பா கடனுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். ஜெயித்தது செட்டியார், ஆனால் சட்டப் புத்தகங்களில் 'சிவகிரி கேஸ்' என்று நிலைத்தது தோற்றவர் ஊர்ப்பெயர். கவுரவம் என்றால் இதுவல்லவா!

தகப்பன் கடனுக்காக மகனைப் பிடிக்கும் இந்த சாஸ்திரக் கடமைக்கு 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் முற்றுப்புள்ளி வைத்தது, அதுவும் அதற்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கு மட்டும். சின்னத்தம்பியாரின் அப்பா கடன் வாங்குவதை இன்னும் ஒரு நூறு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டிருக்கலாம்.