ஒரு படம் பத்து ரூபாய், தபால் தனி

மோசர் பேர் என்றொரு கம்பெனி சினிமாப் படங்களை விற்கக் கிளம்பாமல் இருந்திருந்தால் நான் இன்று ஓரளவு பணக்காரனாக இருந்திருப்பேன். 2007 வாக்கில் அவர்கள் ஒரு டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் கடைகளில் தொங்கவிட்டார்கள். அதுவரை அசல் டி.வி.டி. என்றால் நூறுகளில் விலை சொல்லுகிற பொருள். வாங்கினவன் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, விருந்தாளி வந்தால் முதுகுப்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பான். புதுசே 34 ரூபாய் என்று அட்டையில் அச்சடித்துவிட்ட பிறகு, பழையதை விற்கப்போகிறவன் என்ன விலை சொல்லுவது? முப்பது என்றால் சிரிக்கிறார்கள். இருபது என்றால் யோசிக்கிறார்கள். பத்து என்றால், "இதில் என்ன கோளாறு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கும்படி 2018-இல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. கம்பெனி போன பிறகும் அது அச்சடித்த விலை மட்டும் என் வீட்டுப் பின்னறையில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

சரக்கு அத்தானுடையது. பெருங்கடவிளையில் அவர் சி.டி. கடை வைத்திருந்தார். ஒரு நாள் வாடகை பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு, அதனால் சனிக்கிழமை எடுத்தவனுக்கு ஒரு நாள் லாபம். 1956-இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாகாணத்தோடு போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு போட்டவர்கள் எங்களூர் சி.டி. கடைக்காரரைக் கலந்துகொள்ளவில்லை. அதனால் அவர் ஒவ்வொரு வாரமும் மோகன்லாலுக்கு ஒரு அலமாரி, விஜய்க்கு ஒரு அலமாரி என்று இரட்டை முதல் போட வேண்டியிருந்தது. அருவிப்புறத்திலிருந்து வருகிறவர் ஒன்று கேட்பார், களியக்காவிளைப் பக்கம் பெண் கொடுத்தவர் வேறொன்று கேட்பார். கடையை மூடிவிட்டு அவர் கல்ஃபுக்குப் புறப்பட்டபோது பெட்டிகளை என் வீட்டுத் திண்ணையில் இறக்கி, "மக்கா, இதையெல்லாம் ஆன்லைன்ல தட்டி விட்டுரு. பாதி உனக்காக்கும்" என்றார். பாதி என்றால் எதில் பாதி என்று அப்போது கேட்டிருக்கலாம்தான்.

முதல் வேலை தரம் பிரிப்பது. ஒரு குவியல் அசல், இன்னொரு குவியல் பீமாப்பள்ளி. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னைக்குப் பர்மா பஜார் எப்படியோ, அப்படி எங்கள் தலைநகரத்துக்கு ஒரு காலத்தில் பீமாப்பள்ளி. டிசம்பரில் திரைப்பட விழாவில் க்யூவில் நின்று இடம் கிடைக்காத ஈரானியப் படமும் கொரியப் படமும் ஜனவரியில் அங்கே காகித உறையில் கிடைக்கும். கேரளத்தில் உலக சினிமா ரசனையை வளர்த்ததில் ஃபிலிம் சொசைட்டிகளுக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் காகித உறைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று மெத்தப் படித்தவர்களே ரகசியமாக ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ரசனை வேறு, விற்பனை வேறு. கள்ளப் பிரதியை விற்றால் காப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை உள்ளே தள்ளலாம், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டிலோ 2004-லேயே திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பத்து ரூபாய் வியாபாரத்துக்கு இவ்வளவு துணிச்சல் அதிகப்படி என்று அந்தக் குவியலை ஒதுக்கி வைத்தேன்.

அசல் குவியலிலும் வில்லங்கம் இருந்தது. வக்கீல் படிப்புப் படிக்கிற மச்சினன் ஒருவன் எனக்கு உண்டு. வீட்டில் யார் எதைச் செய்தாலும் அதற்கொரு பிரிவு சொல்லுவான். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், ஒரு சினிமாப் பிரதியை விற்கவோ வாடகைக்கு விடவோ உள்ள உரிமை படத்தின் உரிமையாளருக்கே என்றும், அந்தப் பிரதி முன்பே ஒரு தரம் விற்கப்பட்டிருந்தாலும் சரி என்றும் எழுதியிருந்ததாம். புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆக, பழைய புத்தகக் கடைக்காரர் யோக்கியர், பழைய டி.வி.டி.க்காரர் சட்டத்தின் பார்வையில் சந்தேகத்துக்குரியவர். வெளிநாட்டிலிருந்து அசல் டி.வி.டி.களையே வாங்கி வந்து வாடகைக்கு விட்ட சென்னைக் கடைக்காரர் ஒருவர் மேல் வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டு, 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் செய்தது தப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. 2012 திருத்தத்தில்தான் அந்த 'முன்பே விற்கப்பட்டிருந்தாலும்' என்ற சரடை எடுத்தார்கள். "இனி நீங்க தைரியமா விக்கலாம் அத்தான்" என்றான் மச்சினன். சட்டம் எனக்கு வழிவிட்ட நேரத்தில் வாங்குகிறவன் கைபேசியில் படம் பார்க்கப் போயிருந்தான்.

இனி விலை. பழைய தட்டுக்கு விலை போடுவது, பழைய மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல. டியூப் லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வானவில் ஓடும். அதன் நடுவே கோடுகள் தெரியும். நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடுகிற கோடு அவ்வளவு மோசமில்லை. பிளேயர் அதை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணத்தில் தாண்டி, விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டமாக, படம் பதிந்த தடத்தோடு ஓடுகிற கீறல்தான் எமன். அந்த இடத்தில் கதாநாயகியின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நிற்கும். அதனால்தான் தட்டைத் துடைக்கும்போது உள்ளிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்பார்கள். எங்களூரில் எல்லோரும் லுங்கி முனையால் வட்டமாகவே துடைத்தார்கள்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள டி.வி.டி.யில் படம் நட்ட நடுவில், இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு இடையில் இருக்கிறது. அடிப்பக்கம் லேசாகக் கீறினால் மெருகேற்றித் தப்பிக்கலாம். வி.சி.டி.யில் படம் மேல்பக்கம், லேபிளுக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் எழுதிய பக்கம்தானே என்று குப்புறப் போட்டு இழுத்தால் படமே உரிந்து வந்துவிடும். அத்தான் எல்லா வி.சி.டி.யின் லேபிளிலும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கடை பெயரும் நம்பரும் எழுதியிருந்தார். திருட்டுப் போகக்கூடாதாம்.

வி.சி.டி. என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு தட்டில் 74 நிமிஷம்தான் அடங்கும் என்பதால் நம் படங்கள் இரண்டு தட்டாக வரும், பாட்டு அதிகமானால் மூன்று. வாடகைக்குப் போனதில் பாதி குடும்பம் பிரிந்து திரும்பியிருந்தது. முதல் தட்டு மட்டும் இருக்கும், அல்லது இரண்டாவது மட்டும். இதற்கு விலை போடும் நுட்பத்தை எந்த வணிகக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. மலையாளப் படமென்றால் இரண்டாம் தட்டுக்குத்தான் மதிப்பு; கொலை செய்தவன் யார் என்பது அதில்தான் இருக்கும். தமிழ்ப் படமென்றால் முதல் தட்டே போதும். நகைச்சுவை நடிகர் பெரும்பாலும் இடைவேளையோடு காணாமல் போய்விடுவார். இந்த அடிப்படையில் 'இடைவேளைக்குப் பிறகு மட்டும், ஐந்து ரூபாய்' என்று விளம்பரம் போட்டேன். ஒருவர் தனுவச்சபுரத்திலிருந்து தகவல் அனுப்பினார்: "எனக்கக் கையில முதல் பாதி உண்டு. நீங்க வாங்குதீங்களா?"

ஆன்லைனில் விற்பது என்றால் சரக்கைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, 'லாஸ்ட் பிரைஸ்?' என்ற கேள்விக்குக் காத்திருப்பது. பொருள் என்ன, நிலைமை என்ன, எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பத்து ரூபாய் என்று போட்டிருந்தாலும் லாஸ்ட் பிரைஸ். எட்டு என்று பதில் எழுதினால், "படம் முழுசா யூடியூப்ல கிடக்குல்லா" என்று நமக்கே செய்தி சொல்லுவார்கள். கிடக்கிறது என்றால் பிறகு எதற்கு வந்தாய் மக்கா? நான் கேட்கவில்லை, வாடிக்கையாளர் ராஜா.

ராஜாக்களில் ஒருவர் பாங்கோடு ராணுவ முகாமில் இருப்பதாகச் சொன்னார். பேரமே பேசவில்லை. எட்டுப் படம் எடுத்துக்கொள்கிறேன், முன்பணமாக எல்லாவற்றையும் இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தார். பின்னாலேயே ஒரு க்யூ.ஆர். கோடு வந்தது. இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், உங்கள் கணக்கில் பணம் விழும் என்றார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பது இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஏமாற்றுக்காரர் மேல் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. எண்பது ரூபாய்க்காக ராணுவ வீரராக வேஷம் போட்டு, அரைமணி நேரம் கதை சொல்லுகிற அளவுக்கு அந்தத் தொழிலிலும் போட்டி முற்றிவிட்டது. முகாமுக்கு நேரில் கொண்டு வந்து தருகிறேன் என்றேன். அதோடு அவர் எல்லைக்குப் போய்விட்டார்.

உண்மையான வாங்குகிறவர் வந்தபோதுதான் தபாலாபீஸ் குறுக்கே நின்றது. பெட்டியோடு ஒரு டி.வி.டி. நூறு கிராம் வரும். அதில் தட்டு பதினைந்து பதினாறு கிராம்தான், மீதியெல்லாம் பிளாஸ்டிக் பெட்டி. சென்னைக்கு ஸ்பீட் போஸ்ட் செய்தால் ஐம்பது ரூபாயைத் தாண்டுகிறது. ரெஜிஸ்டர் தபாலையும் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம் மே மாதம் புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முந்நூறு கிராம் வரை இருபது ரூபாய். டி.வி.டி.யில் ஞானம் இல்லை என்று அஞ்சல்துறை முடிவுகட்டிவிட்டது. அமெரிக்காவில் புத்தகத்துக்கும் சினிமாத் தட்டுக்கும் 'மீடியா மெயில்' என்று ஒரே சலுகைக் கட்டணம், பழைய டி.வி.டி. விற்பது அங்கே ஒரு தொழிலாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பத்து ரூபாய்ப் பொருளுக்கு அறுபது எழுபது ரூபாய் வண்டிச்சத்தம் கொடுக்கிறவர் ரசிகராகத்தான் இருக்க முடியும். ரசிகர் என்றால் அவரிடம் அந்தப் படம் ஏற்கெனவே இருக்கும்.

உலகத்திலேயே பெரிய தட்டு வியாபாரிக்கும் கடைசியில் இந்தக் கதிதான். நெட்ஃபிளிக்ஸ் 1998-இல் தபாலில் டி.வி.டி. அனுப்பித்தான் பிழைப்பைத் தொடங்கியது. 500 கோடிக்கு மேல் தட்டுகளை அனுப்பிவிட்டு 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடையை மூடியபோது, வாடிக்கையாளர்களிடம் கையிலிருப்பதைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அவர்கள் கணக்குப் போட்டுக் கண்ட விலை பூஜ்யம். நான் கேட்பது பத்து. இந்தச் செய்தியை அத்தானுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "அவனுவளுக்கு யாவாரம் தெரியாது" என்று பதில் வந்தது.

நல்ல விலை கொடுத்த ஒரே ஆள் பக்கத்து ஊர் வாழைத்தோட்டக்காரர். மயில் தொல்லைக்குத் தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டுமாம். நேரில் வந்தார். படத்தின் பெயரை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பி, மின்னுகிறதா என்று மட்டும் பார்த்தார். லேபிள் அச்சடித்த பக்கம் பிடிக்கவில்லை. குவியலுக்குள்ளிருந்து இருபக்கமும் படம் பதிந்த தட்டு ஒன்று அகப்பட்டது. நடுத்துளையைச் சுற்றி மட்டும் பொடியெழுத்து, மற்றபடி இரண்டு முகமும் கண்ணாடி. திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டிய அந்த வகையை டி.வி.டி. காலத்திலேயே யாரும் விரும்பியதில்லை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுபோல இனியும் உண்டா?" என்றார். அதற்கு மட்டும் பதினைந்து ரூபாய் கொடுத்தார். காற்றில் எப்படிச் சுற்றினாலும் மின்னும் என்று காரணமும் சொன்னார். தரம் பார்த்து விலை கொடுத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். பீமாப்பள்ளிக் குவியலும் அவரோடு போயிற்று. கள்ளப் பிரதிக்கு நான் காசு வாங்கவில்லை. மயிலுக்குப் பொதுக்காட்சி நடத்தினால் எந்தப் பிரிவு என்று மச்சினன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

அசல் குவியலில் மலையாள இயக்குநர் கமலின் 'செல்லுலாய்ட்' (2013) ஒன்று கிடந்தது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியலின் கதை. டேனியல் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர், தமிழ் பேசுகிற குடும்பம். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ வைத்தார். எழுதி, இயக்கி, காமிரா பிடித்து, தானே நடித்தார். படம் திரையிட்டது 1928 என்பார்கள், 1930 என்பார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. பார்த்துத் தீர்க்கலாமென்றால் படமே இல்லை. சின்ன வயதில் பிலிம் சுருளை நெருப்பில் போட்டு விளையாடினேன் என்று அவருடைய மகனே பின்னாளில் சொன்னார். கேரள சினிமாவின் முதல் முதலீட்டாளருக்குச் சொத்து முழுக்கப் போயிற்று. என் கையிலிருக்கும் சரக்கு பத்து ரூபாய்க்காவது போகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இந்தத் தட்டுக்கு நான் முப்பது போட்டிருக்கிறேன், லாஸ்ட் பிரைஸ் கிடையாது.

இவ்வளவு நாள் கண்ட வியாபார ரகசியம், விலையைத் தீர்மானிப்பது படமோ தட்டோ இல்லை என்பதுதான். வாங்குகிறவர் வீட்டில் பிளேயர் இருக்கிறதா என்பதே கேள்வி. புது லேப்டாப்பில் தட்டுப் போட வாயே வைப்பதில்லை. அதனால் அத்தானுடைய பழைய பிளேயர்கள் இரண்டையும் துடைத்து ஓடவைத்து, ஒன்றோடு இருபது படம் இலவசம் என்று போட்டேன். படத்துக்கு வராத ஆட்கள் பிளேயருக்கு வந்தார்கள். இரண்டும் நல்ல விலைக்குப் போயின. இருபது இருபதாக நாற்பது படமும் ஒழிந்தது. வீட்டம்மா மட்டும், "வீட்டுல ஓடிக்கிட்டிருந்ததை வித்துட்டு, ஓடாததை வச்சுட்டு இருக்கீங்களே, இது என்ன யாவாரமாக்கும்?" என்று கேட்டாள். ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் பிளாஸ்டிக் எடுக்க வரும்போதெல்லாம் அவள் பின்னறைக் கதவைத் திறந்தே வைக்கிறாள்.

மீதி இன்னும் மூன்று பெட்டி இருக்கிறது. தமிழ், மலையாளம் இரண்டும் உண்டு, அசல் மட்டும். படம் பத்து ரூபாய், தபால் தனி. பெருங்கடவிளைக்கு நேரில் வந்தால் தபால் மிச்சம், சாயா என் செலவு. இரண்டாம் தட்டு மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வரவும்.