அம்பலத்தில் ஒரு வாய்தா

சிதம்பரம் கீழ சன்னதி. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் கேஸ் கட்டு தூக்கியே ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன வக்கீல் குமாஸ்தா, ரிட்டயர் ஆன பிறகும் மஞ்சப்பையில் தீர்ப்பு ஜெராக்ஸோடு கடலூரில் பஸ் ஏறி வந்து இறங்கியிருக்கிறார். பூக்காரம்மா கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு கதம்பம் தொடுக்கிறார்.

பூக்காரம்மா: வாங்கண்ணே. சாமி பாக்க வந்தீங்களா, சாட்சி சொல்ல வந்தீங்களா?

குமாஸ்தா: தரிசனம்தாம்மா. இன்னிக்குக் கனகசபை ஏற விடுறாங்களா?

பூக்காரம்மா: அது உங்க பையிலல்ல இருக்கும்? என்னைக் கேக்கறீங்க.

குமாஸ்தா: இருக்கு. 2022 மே 17, அரசாணை. பக்தர்கள் கனகசபையில் ஏறித் தரிசனம் செய்யலாம். ரொம்பத் தெளிவா இருக்கு.

பூக்காரம்மா: அவ்ளோ தெளிவா இருந்துதான் அடுத்த வருசமே ஆனித் திருமஞ்சனத்துக்கு நாலு நாள் ஏறக்கூடாதுன்னு தீட்சிதருங்க பலகை வெச்சாங்களா? அப்புறம் அறநிலையத்துறை அதிகாரிங்க போலீசோட வந்து அதைக் கழட்டினாங்க. அன்னிக்குச் சாமியைப் பாத்தவங்களைவிடப் பலகையைப் பாத்தவங்கதான் அதிகம்.

குமாஸ்தா: அது சாதாரணப் பலகை இல்லம்மா. அரசியல் சாசனம் 26ஆவது பிரிவு. பொது தீட்சிதர்கள் தனி சமயப் பிரிவு, கோயிலை நிர்வாகம் பண்ற உரிமை அவங்களுக்கு உண்டுன்னு 1951-லயே சென்னை ஹைகோர்ட் சொல்லிடுச்சு. சத்தியநாராயண ராவ், ராஜகோபாலன், ரெண்டு ஜட்ஜ் பெஞ்சு.

பூக்காரம்மா: அப்ப கேஸ் முடிஞ்சுபோச்சு.

குமாஸ்தா: எங்க முடிஞ்சது? சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போச்சு. 1954-ல அதுவே வாபஸ் வாங்கிக்கிச்சு.

பூக்காரம்மா: அப்ப ரெண்டு தடவை முடிஞ்சுபோச்சு.

குமாஸ்தா: அவசரப்படாதே. 1987-ல கோயிலுக்கு நிர்வாக அதிகாரியை நியமிச்சு உத்தரவு. உடனே ரிட், ஸ்டே, அப்பீல், ரிவிஷன். 2009 பிப்ரவரியில நீதிபதி பானுமதி, நியமனம் செல்லும்னு தீர்ப்பு சொன்னாங்க. செப்டம்பர்ல டிவிஷன் பெஞ்சும் அதையே சொல்லிச்சு. அதிகாரி உள்ள வந்தார், உண்டியலும் கூடவே வந்தது. அப்புறம் 2014 ஜனவரி 6. சுப்ரீம் கோர்ட், பி.எஸ்.சவுகான், எஸ்.ஏ.பாப்டே. அவ்வளவும் ரத்து!

பூக்காரம்மா: என்ன காரணம் சொன்னாங்க?

குமாஸ்தா: அங்கதாம்மா இருக்கு அழகே. முன்தீர்ப்புத் தடை! 1951-ல தீந்துபோன விசயத்தை அதே கட்சிக்காரங்க மறுபடி கிளறக்கூடாது.

(இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பூரிப்பை அவருடைய கட்சிக்காரர்கள் எவரும் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்கள்.)

பூக்காரம்மா: கிளறக்கூடாதுன்னு சொல்றதுக்கே 62 வருசமா?

குமாஸ்தா: தீர விசாரிக்க வேண்டாமா? இன்னொண்ணும் சொன்னாங்க. நிர்வாகத்துல கோளாறு இருந்தா சர்க்கார் எடுத்துச் சரிபண்ணலாம். சரியானதும் திருப்பிக் குடுத்துடணும், காலத்துக்கும் வெச்சுக்கக்கூடாது.

பூக்காரம்மா: சரியாயிடுச்சுன்னு யாரு சொல்லணும்?

குமாஸ்தா: எடுத்தவங்கதான் சொல்லணும்.

பூக்காரம்மா: அடகுக் கடைக்காரனே வட்டிக் கணக்கு எழுதற மாதிரி. அப்ப கோளாறு இருக்குன்னு யாரு சொல்றது?

குமாஸ்தா: அதையும் அவங்கதான்.

பூக்காரம்மா: தீட்சிதருங்க ஒத்துக்குவாங்களா?

குமாஸ்தா: கோளாறே கிடையாதும்பாங்க. கணக்கைக் காட்டச் சொன்னா, கேக்க நீ யாரும்பாங்க.

பூக்காரம்மா: நல்ல பொருத்தம்ணே. பக்கத்துலயே கோவிந்தராசப் பெருமாள் படுத்திருக்காரு. அவருக்குப் பிரம்மோற்சவம் நடத்தலாமா கூடாதான்னு அதுக்கொரு கேஸ். ஆடறவருக்கும் கேஸ், படுத்திருக்கறவருக்கும் கேஸ். இதுல நாங்க எந்தக் கட்சி?

குமாஸ்தா: நீங்க கட்சியே இல்ல. பொதுமக்கள். வேணும்னா மனு போட்டுச் சேந்துக்கலாம்.

பூக்காரம்மா: மனு போட்டவரைத்தான் பாத்தோமே. 2008 மார்ச்சுல சிவனடியார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில தேவாரம் பாட, அரசாணையும் போலீசும் வேண்டியிருந்துச்சு. அப்பர் பாடினப்ப எந்த ஸ்டேஷன்ல அனுமதி வாங்கினாரு?

குமாஸ்தா: அப்பர் காலத்துல இந்து சமய அறநிலையச் சட்டம் இல்லம்மா. அது 1959.

பூக்காரம்மா: சட்டம் இல்லாட்டியும் வழக்கு இருந்துச்சுண்ணே. தேவார ஏடு இங்க ஓர் அறையில பூட்டிக் கிடந்த கதை திருமுறை கண்ட புராணத்துல வருதே. ராசா வந்து திறங்கன்னாரு. பாடின மூணு பேரும் நேர்ல வந்தாத்தான் திறப்போம்னுட்டாங்க.

குமாஸ்தா: நேரில் ஆஜராகணும்! பலமான ஆட்சேபணை. பாடினவங்க போய்ச் சேந்து எத்தனையோ காலம் ஆயிருக்குமே?

பூக்காரம்மா: ராசா விடலியே. மூணு பேரோட சிலையையும் ஊர்வலமா கொண்டாந்து நிறுத்திட்டாரு. வந்துட்டாங்க, திற!

குமாஸ்தா: (எழுந்தே விடுகிறார்) பிரமாதம்! சட்டப்படி விக்கிரகம் ஒரு நபர். சொத்து வெச்சுக்கலாம், வழக்குப் போடலாம். சிலையை ஆளில்லைன்னு சொன்னா உள்ள ஆடறவரும் ஆளில்லைன்னு ஆயிடும். பாயிண்டைப் பிடிச்சிருக்கானே ராஜராஜன்!

பூக்காரம்மா: பிடிச்சு? திறந்து பாத்தா ஏடு பெரும்பாலும் செல்லரிச்சுக் கெடந்துச்சுன்னுதான் கதை. பாயிண்டு தப்பிச்சுது, பாட்டு போச்சு.

குமாஸ்தா: அது நிர்வாகக் கோளாறு. தனியா விசாரிக்கணும்.

பூக்காரம்மா: சாமியும் நபர்னா, இத்தனை கேசுல அவரை ஒரு வார்த்தை கேட்டாங்களா? கட்சிக்காரர் எத்தனை காலமா ஒரு காலைத் தூக்கிக்கிட்டே நிக்கறாரு. ஒரு வாய்தாவுக்காவது உக்காரச் சொல்லப்படாதா?

குமாஸ்தா: கோர்ட்டைக் கேலி பண்ணாதே.

பூக்காரம்மா: கேலி இல்லண்ணே. அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் குடுங்க. நானும் எட்டாவது வரைக்கும் படிச்சவதான். (புரட்டுகிறார்) என்னண்ணே, பூரா இங்கிலீசா இருக்கு?

குமாஸ்தா: ஹைகோர்ட் பாஷை அதுதாம்மா. தமிழும் வேணும்னு 2006-ல சட்டசபையில தீர்மானம் போட்டாங்க. சுப்ரீம் கோர்ட் நீதிபதிங்க கூடிப் பேசி 2012-ல முடியாதுன்னுட்டாங்க.

பூக்காரம்மா: அதுசரி. அம்பலத்துல தமிழ் ஏறாட்டி சர்க்கார் போலீசை அனுப்புது. ஹைகோர்ட்டுல தமிழ் ஏற யாரை அனுப்பும்?

(குமாஸ்தா பையின் வாயைச் சுருட்டுகிறார். கோர்ட்டில் பதில் இல்லாதபோது வக்கீல்கள் வாய்தா கேட்பார்கள். இங்கே அதற்கும் வழியில்லை.)

குமாஸ்தா: முழம் எவ்வளவும்மா?

பூக்காரம்மா: பூவை எடுத்துக்குங்க, காசு வேண்டாம். பதிலுக்கு ஒரு வேலை பண்ணுங்க. 1951, 2009, 2014, மூணு தீர்ப்பையும் தமிழ்ல எழுதி இந்தக் கீழ கோபுர வாசல்ல ஒட்டுங்க. சர்க்காரு என்ன கேட்டுச்சு, தீட்சிதருங்க என்ன சொன்னாங்க, ரெண்டு பேருக்கும் கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னு உள்ள போறவங்க படிச்சுட்டுப் போகட்டும். ஒட்டக்கூடாதுன்னு யாராச்சும் ஸ்டே வாங்க வந்தா, அந்த மனுவையும் தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க.