நெட்டுருத் தம்பி

பள்ளிப்பட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு மொட்டைமாடியில் ஓர் உருவம் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால் பயப்பட வேண்டாம். பேய் இல்லை, பத்தாம் வகுப்பு. கையில் கைடு, தோளில் துண்டு, கண் பாதி மூடியிருக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு வரி. திரும்பி வரும்போதும் அதே வரி. காலேஜுக்குப் போன அண்ணன்கள் இதை 'மக்கப்' என்பார்கள், ஆசிரியர் "பைஹார்ட் பண்ணுடா" என்பார், பாட்டி மட்டும் தெலுங்கில் "ஏமிரா, பட்டீ படுத்துன்னாவா?" என்று கேட்பாள். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கத்தைப் பிரித்து மதராஸ் மாநிலத்தோடு சேர்த்தபோது, பாட்டியின் பேச்சையும் சேர்த்து மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தம்பியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தத் தேதியைச் சொல்வான். எல்லை ஏன் மாறியது என்று கேட்டால், "அது அடுத்த கேள்வி சார், அஞ்சு மார்க்" என்பான்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தத் தாளத்தில்தான் அவனுக்கு எல்லாம் ஏறும். ஒளிச்சேர்க்கையாகட்டும், உப்புச் சத்தியாக்கிரகமாகட்டும், 'டக்கடக்க' என்ற சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மின்வெட்டு வந்து தறி நின்றால் காந்தியும் பாதி வழியில் நின்றுவிடுவார். பரீட்சை மண்டபத்தில் தறி கிடையாது என்பதை எந்த ஆசிரியரும் அவனிடம் முன்கூட்டியே சொல்வதில்லை. அதனால்தான் அங்கே மேசையை விரலால் தட்டுகிறான். கண்காணிப்பாளர் சைகை காட்டுகிறான் என்று நினைத்து இடம் மாற்றி உட்காரவைக்கிறார்.

ஆனால் நாணயமானவன். கைடில் இருப்பதில் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டான். 'படம் 4.2-ஐக் காண்க' என்று அதில் இருந்தால் விடைத்தாளிலும் அப்படியே எழுதுவான். திருத்துகிறவர் படத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

திருக்குறளில்தான் அவனைக் கவிழ்ப்பார்கள். 'இன்ன சொல்லில் முடியும் குறளை எழுதுக' என்ற கேள்வியைக் கண்டுபிடித்தவர் பொல்லாதவர். தம்பிக்குக் குறளெல்லாம் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. கடைசிச் சொல்லைப் பிடிக்க வேண்டுமானால் முதல் குறளிலிருந்து வண்டியை எடுத்தாக வேண்டும். வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும்.

மனப்பாடத்தை இளப்பமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. திருத்தணியில் டிசம்பர் 31 இரவு, 365 படிகளுக்கும் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறவர்களில் எத்தனையோ பேர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. 1907-இல் சென்னையில், ஒரே நேரத்தில் பல பேரின் கேள்விகளை மனத்தில் தாங்கும் சதாவதானத்தைச் செய்து காட்டினார் செய்குத்தம்பிப் பாவலர். நகரி தாண்டினால் தெலுங்கில் இன்றும் அஷ்டாவதானம் நடக்கிறது. அதில் ஒருவருக்கு வேலையே குறுக்கே பேசுவதுதான். 'அப்ரஸ்துதப் பிரசங்கம்' என்று பெயர். அவதானி செய்யுள் கட்டிக்கொண்டிருக்கும்போது, "உங்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு?" என்பதுபோல ஏதாவது கேட்பார். அவதானி அதற்கும் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்வார்.

தம்பி வீட்டில் இந்தப் பதவி அம்மாவுக்கு. "டேய், குழாயில தண்ணி வந்துடுச்சு, குடத்த எடு!" அவ்வளவுதான். குடத்தோடு போனவன் திரும்பி வந்து முதல் வரியிலிருந்து தொடங்குகிறான். குடம் நாலு என்றால் அன்றைக்கு இரண்டாவது பத்தியைப் பார்க்கவே முடியாது.

இப்போது வளர்ந்துவிட்டான். குரூப் 4 எழுதுகிறான்: மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒவ்வொரு கேள்விக்கும் விடையை அவர்களே கொடுத்துவிட்டு, கூடவே மூன்று தப்பான விடைகளையும் கொடுப்பது அவனுக்கு அநியாயமாகப் படுகிறது. தப்பான விடைகளையும் சேர்த்தே உருப்போட்டிருக்கிறான்.

சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதினான். பொருள், மதிப்பிற்குரிய ஐயா, இப்படிக்கு எல்லாம் கனகச்சிதம். அலுவலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அனுப்புநர் 'அஅஅஅ'ன்னு போட்டிருக்கு, யாருப்பா அது?" என்றார்.

"நான்தான் சார். பேரு எழுதினா செல்லாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அவர் மனுவை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அது சரி. கீழ இடம், நாள் போடலையே தம்பி. ஒரு மார்க் போச்சு."