வினைமுற்றுக்கும் ஒரு விலைப்பட்டியல்

பெறுநர்: இந்தியத் தேர்தல் ஆணையம், நிர்வாச்சன் சதன், புது தில்லி.
பொருள்: வாக்குறுதியின் கடைசிச் சொல்லைச் செலவுக் கணக்கில் சேர்ப்பது தொடர்பாக.

தேர்தல் மேடைப் பேச்சின் முழுப் பலமும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ராஜபாளையம் ஜவகர் மைதானத்தில் வேட்பாளர் ‘செய்வோம்’ என்கிறார். நூற்பாலைத் தொழிலாளி கைதட்டுகிறார். வென்றபின் அது ‘செய்யப்படும்’ ஆகிறது. செய்கிறவர் வாக்கியத்தைவிட்டே இறங்கிப் போய்விடுகிறார். மனுவோடு போனால் ‘பரிசீலிக்கப்படும்’. அடுத்த தேர்தல் நெருங்கினால் ‘ஆவன செய்யப்படும்’. ஆவன எவையென்று கேட்கிற வழக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை.

‘வேண்டும்’ இன்னும் நுட்பமானது. ‘சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கு வரி குறைய வேண்டும்’ என்பது மைதானத்தில் வாக்குறுதியாகக் காதில் விழும். ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் வெறும் கோரிக்கையாகிவிடும். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டம், எம்.பி.க்கு ஓட்டுப் போடுவதோ தென்காசித் தொகுதியில். ‘திட்டம் வரும்’ என்றால் யார் கொண்டுவருவார் என்பதே தெரியாமல் காலம் ஓட்ட இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

முன்பு இப்படி இல்லை. 1967-இல் அண்ணாவின் தி.மு.க., ரூபாய்க்கு அரிசி ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. ஆசை ஒருபுறம், உறுதி மறுபுறம். வென்றபின் அந்த நிச்சயமும் சென்னை, கோவையோடு நின்றது என்பது வேறு கதை. லட்சியத்தை நிச்சயமென்று விற்கவில்லை. 2021-இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் தி.மு.க. 1000 ரூபாயும், அ.தி.மு.க. 1500 ரூபாயும் அறிவித்தன. 2023 செப்டம்பரில் ஆயிரம் வந்தது. முன்னால் ‘தகுதியுள்ள’ என்ற சொல்லும் கூடவே வந்தது.

தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 40 லட்ச ரூபாய் வரம்பு இருக்கிறது. டீ, நாற்காலி, ஷாமியானா என எல்லாவற்றுக்கும் மாவட்டந்தோறும் விலைப்பட்டியல். கூட்டத்தைப் படம்பிடிக்க வீடியோ குழு. அதே குழு வினைமுற்றையும் குறித்துக்கொள்ளட்டும். ‘செய்வோம்’ முழு விலை. ‘முயல்வோம்’ பாதி. ‘ஆவன செய்யப்படும்’ இலவசம், உள்ளே சரக்கு இல்லாததால். ‘நிச்சயம்’ என்பவர் தனி டெபாசிட் கட்டட்டும்.

இலவச வாக்குறுதிகள் குறித்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், தேர்தல் அறிக்கைகளுக்கு ஆணையம் நெறிமுறை வகுத்தது. வாக்குறுதியின் காரணத்தையும் பணம் வரும் வழியையும் அறிக்கையில் காட்ட வேண்டுமாம். தமிழில் சொன்னால் அந்த விதி முடிகிற சொல், ‘எதிர்பார்க்கப்படுகிறது’. பட்டியலில் அதற்கு என்ன விலை என்பதை ஆணையமே நிர்ணயிக்கலாம்.

இப்படிக்கு,
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாக்காளர்கள்