பூட்டு நிர்ணயம்

வீட்டு வாசலுக்குச் சாவி போட்டுத் திருகும் பழைய பூட்டு உசிதமா, எண்ணை அழுத்தினாலோ விரலை வைத்தாலோ திறந்துகொள்ளும் மின்னணுப் பூட்டு உசிதமா என்ற வினா எழும்போதெல்லாம் உலகத்தார் திருடனை முன்னிறுத்தியே விடை தேடப் புகுகின்றனர். இம்முறை தர்க்க சாஸ்திரத்துக்குச் சற்றும் ஒவ்வாதது. திருடனானவன் ஒரு வீட்டுக்கு ஆயுளில் ஒருமுறை வந்தால் அதிகம். வராமலே போவதும் உண்டு. வீட்டுக்காரனோ தினந்தோறும், இரு கைகளிலும் காய்கறிப் பையுடன், அந்தப் பூட்டின் எதிரே வந்து நிற்கிறான். ஆகவே பூட்டினால் மிகுதியும் தடுக்கப்படுகிறவன் அதை விலை கொடுத்து வாங்கியவனே என்பது பிரத்யட்சம். அனுமானப் பிரமாணத்துக்குக்கூட இங்கே வேலையில்லை.

திறக்க இயலாமையன்றோ பூட்டின் பெருமை எனப் பூர்வபட்சிகள் ஆட்சேபிக்கலாம். லண்டன் மாநகரின் பிக்காடிலி வீதியில், ஜோசப் பிராமா என்பவரின் கடைச் சாளரத்தில், இதைத் திறப்பவருக்கு 200 கினி சன்மானம் என்ற அறிவிப்புடன் 1790 முதல் வீற்றிருந்த பூட்டை, 1851-ஆம் ஆண்டின் மகா கண்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் பாடுபட்டுத் திறந்துவிட்டார். பூட்டு தோற்றது என்று அக்காலத்தார் கலங்கினர். 51 மணி நேரம் ஒருவர் நம் வாசற்படியில் குந்தியிருந்தால், பால்காரர் முதல் எதிர்வீட்டுப் பாட்டி வரை யாரும் அவரை என்ன ஏதென்று கேட்கமாட்டார்களா என்பதை அவர்கள் சிந்திக்கவில்லை. நம் நாட்டுத் திருடனோ இத்தகைய வித்தியாகர்வம் அற்றவன். கடப்பாரையால் நாதாங்கியைப் பெயர்த்துவிட்டுப் போகிறான். மறுநாள் ஊரே கூடிப் பார்க்கும்போது, பெயர்ந்த நாதாங்கியில் பூட்டு மட்டும் பூட்டியபடியே, கடமை தவறாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

பழைய பூட்டுகளில் திண்டுக்கல் பூட்டுக்கே அக்கிராசனம் அளிப்பது முறை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நம் பாட்டன்மார் அக்குறியீட்டை மனத்தளவில் வழங்கிவிட்டார்கள். இரும்புத் தகட்டை வெட்டி, அரம் கொண்டு ராவிக் கையாலேயே செய்யப்படும் மாங்காய்ப் பூட்டின் உள்ளே லீவர்கள் எனப்படும் தகடுகள் அடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டை உரிய உயரத்துக்கு, மயிரிழை கூடாமலும் குறையாமலும், தூக்கினாலன்றி நாக்கு நகராது. சாவியைத் திருகும்போது மணியடிக்கும் பூட்டும் அவ்வூரில் செய்ததுண்டு. நள்ளிரவில் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் பொருட்டே அது கற்பிக்கப்பட்டது என்பது என் துணிபு.

இவ்வகைப் பூட்டுக்கே உரிய தனிச்சிறப்பு, பூட்டியபின் இழுத்துப் பார்த்தல் என்னும் கிரியை. குடும்பத் தலைவர் இழுத்துப் பார்ப்பார். அவர் இழுத்ததில் நம்பிக்கையற்ற தலைவி தாமும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை சென்றபின் இருவரில் ஒருவர் திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பார். அதன்பின் காசிக்கே போய்வரலாம். மின்னணுப் பூட்டோ கதவு சாத்தியதும் 'கீ' என்றொரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அச்சத்தம் பூட்டியதற்கா, பூட்ட மறுத்ததற்கா என்ற சம்சயம் ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போதுதான் உதிக்கும்.

அதற்கும் குணங்கள் உண்டு. சாவி தொலைந்துபோகாது, ஊரிலிருந்து சொல்லாமல் வந்திறங்கும் மைத்துனனுக்கு இரகசிய எண்ணைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நாளடைவில் அழுத்தி அழுத்தி நான்கு எண்கள் மட்டும் தேய்ந்துவிட்டால், அவற்றை இருபத்துநான்கே விதமாகத்தான் வரிசைப்படுத்த முடியும். அதுவும் மூத்த மகன் பிறந்த வருஷம் என்று ஊகிப்பவனுக்கு ஒரே விதம் போதும். விரல் ரேகையின் யோக்கியதையை அறிய விரும்புவோர் நியாயவிலைக் கடைக்குப் போய், பாத்திரம் தேய்த்தே ரேகை மங்கிய ஒரு மூதாட்டி கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து அக்கருவியின்மேல் வைப்பதைக் காணக் கடவர்.

இனி முக்கியமான விஷயம். இப்பூட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் நான்கு பென்சில் பேட்டரிகளின் தயவில் ஜீவிக்கின்றன. அவை தீர்ந்துபோனால், பல பூட்டுகளின் அடியில் உள்ள இரு உலோகப் புள்ளிகளில் 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பிடித்தால் சற்றே மூர்ச்சை தெளியும். காய்கறிப் பையில் அத்தகைய பேட்டரி வைத்திராதவர்களுக்காகவே, முகப்பிலோ அடியிலோ ஒரு சிறு மூடியின் பின்னால் மறைவாக ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். அது சாவித் துவாரம்!

இத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒழித்துக்கட்டிய சாவி, ஆபத்சகாயராக இங்கே மறுபிரவேசம் செய்கிறது. அதை எங்கே வைப்பது என்பதே எஞ்சியுள்ள பிரச்சினை. பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்தவர்கள் பீரோவுக்கும் தமக்கும் நடுவே அதே கதவு நிற்பதை உரிய தருணத்தில் உணர்ந்திருக்கிறார்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கலாமென்றால் அது திருடர் சமூகத்தார் அனைவரும் அறிந்த இடம். அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் மார்க்கம் யாதெனில், அடுத்த வீட்டு மாமியிடம் கொடுத்து அவர் வீட்டு ஆணியில் மாட்டி வைப்பது. மாமி கோயிலுக்குப் போனால் தம் வீட்டைத் திண்டுக்கல் பூட்டால் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.