ஜமக்காளத்தின் நான்கு முனைகள்

1986 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஐப்பசி மழையில் ஒரு மாட்டு வண்டிச் சாமானோடு நங்கநல்லூரில் தனிக்குடித்தனம் வந்தோம். இரண்டாவது மாடி, 10க்கு 12 அடியில் ஒரு ஹால், வெள்ளையடித்த நான்கு சுவர். பால் காய்ச்சிய அன்று அடுப்படியிலிருந்து என் மனைவி “சர்க்கரை எங்க வெச்சீங்க?” என்று கேட்டது, ஹாலில் மோதித் திரும்பி அவளுக்கே இன்னொரு முறை கேட்டது. காலியான வீட்டின் அந்த எதிரொலியைக் கேட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நாளடைவில் சாமான் சேரச் சேர அது போய்விடும். எந்த நாளில் போயிற்று என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

அட்வான்ஸ் கொடுத்தது போக கையில் 300 ரூபாய் மிச்சம். பழைய மேஜை நாற்காலி என்றால் மூர் மார்க்கெட்தான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அது முந்தின வருஷம் மே மாதமே எரிந்து போயிருந்தது. அதனால் வீட்டில் இருந்ததை வைத்துத்தான் ஹாலை ஒப்பேற்ற வேண்டியிருந்தது. மாமியார் கொடுத்தனுப்பிய டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி, மேலே பழைய மெத்தையை நாலாக மடித்துப் போட்டு, அதற்கு ஒரு பெட்ஷீட் உறை தைத்துப் போட்டாள் மனைவி. விருந்தாளிக்கு அதுதான் முதல் மரியாதை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட் வந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஒரே ஆணியில் நகைக்கடைக் காலண்டர் தொங்கிற்று. வருஷம் முடிந்ததும் தேதித் தாள் போனது, மேலே இருந்த மகாலட்சுமி நான்கு வருஷம் அங்கேயே இருந்தாள்.

ஜன்னலுக்கு மனைவியுடைய பழைய சுங்குடிப் புடவை. இரண்டாக வெட்டி, விளிம்பு மடித்துத் தைத்து, இரண்டு கொக்கிக்கு நடுவே ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டினோம். துவைத்துத் துவைத்து இளைத்த துணி அது. மாலை நான்கு மணி வெயில் பின்னால் வந்து நிற்கும்போது அரக்கு நிறம் மங்கிப் போய், முடிச்சுப் போட்டுச் சாயம் ஏறாமல் விட்ட புள்ளிகள் மட்டும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழுந்து வரும். அந்த அரைமணி நேரத்தைப் பார்ப்பதற்காகவே சனிக்கிழமை அரைநாள் ஆபீஸிலிருந்து எங்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஹாலை ஹால் ஆக்கியது பவானி ஜமக்காளம். என் மனைவிக்கு அந்தப் பக்கம்தான் ஊர், சீரோடு சேர்ந்து வந்தது. தடித்த பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை ஓடும். தூக்கினால் ஈரத்துணி மாதிரி கனக்கும். அகல ஜமக்காளத்துக்குத் தறிக்குழியில் இரண்டு பேர் உட்கார்ந்து, நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளி நெய்வார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நெய்வதற்கு மட்டுமில்லை, மடிப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளத்தை இரண்டாக்கி, எதிரும் புதிருமாக நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். அங்கே ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு முனை மாறும். கல்யாணமாகி இரண்டு மாதம், பகலில் பேசவே கூச்சப்பட்ட எங்களுக்கு, தினமும் காலையில் அந்த நடு இடம் ஒன்று இருந்தது.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது. தவணையில் வாங்கிய கறுப்பு வெள்ளை டி.வி. எங்கள் மாடியில் அது ஒன்றுதான். மறு வருஷம் ஜூலை வரை ஞாயிறு காலைகளில் கீழ்வீட்டு மாமி, எதிர்வீட்டுக் குழந்தைகள், பால்காரர் என்று இருபது பேர் அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் இந்தி தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். இருபத்தோராவது ஆள் வந்தால் இருபது பேரும் ஆளுக்கு நாலு விரற்கடை நகர்வார்கள். இடம் வந்துவிடும்.

1994 தீபாவளி போனஸில் சோபா வாங்கினோம். மெரூன் நிற ரெக்சின், மூன்று பேர் உட்காரலாம். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அவள் வெற்றிலை மடித்த சுகத்தைப் பார்த்தவன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்காவதாக வந்தவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, “இருக்கட்டும், இப்படியே நிக்கறேன்” என்று சொன்னதும் அதற்குப் பிறகுதான். ஜமக்காளம் பரணுக்குப் போயிற்று.

போன மாதம் என் மகள் மாப்பிள்ளையோடு நாவலூரில் பதினோராவது மாடியில் வாடகைக்குக் குடிபோனாள். ஹால் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. போனைச் சுவருக்கு நேரே பிடித்தால், இன்னும் வாங்காத சோபா அந்த மூலையில் வந்து உட்கார்ந்து காட்டுகிறது! எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. விலையைப் பார்த்து அவளே அதைத் தள்ளிவைத்தாள். “பதினஞ்சாயிரத்துக்குள்ள முடிக்கணும்ப்பா” என்றாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டு என்னைப் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப் போனாள். இரும்புச் சாமானும் பழைய பிரம்பும் செடித்தொட்டியும் குவிந்து கிடக்கும் அந்த வெயிலில், ஒரு மோடாவை அவள் தலைகீழாகக் கவிழ்த்து, கட்டு எங்கே விட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்த வீட்டிலும் ஆணி அடிக்கக் கூடாதாம். இப்போது ஒட்டுகிற கொக்கி வந்துவிட்டது, எங்களுக்கு அன்று அது கிடைத்திருந்தால் இன்னும் மூன்று காலண்டர் மாட்டியிருப்போம்.

பால் காய்ச்சிய அன்று அவள் “அம்மா, தீப்பெட்டி?” என்று கேட்டாள். ஹால் அதைத் திருப்பிச் சொல்லிற்று. நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவளுக்காகப் பரணிலிருந்து ஜமக்காளத்தை இறக்கி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, எலி கடித்த ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்து எடுத்துப் போயிருந்தோம். நாப்தலின் வாசனை இன்னும் போகவில்லை. அவளுடைய ஆபீஸ் சிநேகிதர்கள் பன்னிரண்டு பேர் அதில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். தாமதமாக வந்த பையனுக்கு யாரும் சொல்லாமலே நகர்ந்து இடம் விட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு மகள் அதைத் தனியாகச் சுருட்டப் பார்த்தாள். அது சரிந்து சரிந்து பிரிந்தது. என் மனைவி எழுந்து போய் இரண்டு முனையை அவள் கையிலும், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மற்ற இரண்டை அவர் கையிலும் கொடுத்தாள். உதறினார்கள். எதிரெதிரே நடந்து நடுவில் வந்து நின்றார்கள். யார் கையை எடுப்பது என்று தெரியாமல் இருவரும் பிடித்தபடியே நின்றார்கள்.

“நீ விடும்மா,” என்றாள் மனைவி. “அவர் வாங்கிக்கட்டும்.”