கைவேலை அத்தை

குடும்பத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்ததும் ஒருத்தி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வாள். இன்னொருத்தி எந்த டாக்டர் என்று விசாரிப்பாள். கைவேலை அத்தை மட்டும், “அந்தக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரு என்ன கலரும்மா?” என்று கேட்பாள்.

கடையில் வாங்குகிற பரிசு அவளுக்கு ஆகாது. “வெள்ளிக் கிண்ணத்தை யாரு வேணும்னாலும் குடுக்கலாம். பேரு போட்டு நம்ம கையால பண்ணினது மாதிரி வருமா?” என்பாள். வெள்ளி விற்கிற விலையில் இதை மறுத்துப் பேச யாருமில்லை, பிள்ளையைப் பெற்றவர்களைத் தவிர. அவர்களும் மனசுக்குள்தான் மறுப்பார்கள்.

அந்தக் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் பாசிமணிக் கிளி, வாசலுக்கு ‘வெல்கம்’. அடுத்து ஒயர் கூடை. அப்புறம் தஞ்சாவூர் ஓவிய வகுப்புக்குப் போனாள். உறவுக்காரர் அத்தனை பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு வெண்ணெய்க் கிருஷ்ணன் வந்து சேர்ந்தான். சாக்பவுடரும் பசையும் கொஞ்சம் தாராளமாக விழுந்த கிருஷ்ணர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி கன்னம்.

இப்போது பின்டரெஸ்ட். வெள்ளைக்காரர்கள் குழந்தைக்கென்று தனி அறை ஒதுக்கி, தொட்டிலுக்கு மேலே பெயர், பிறந்த தேதி, நேரம், எடை எல்லாவற்றையும் தைத்து மாட்டியிருக்கிற படங்களை அவள் பார்த்துவிட்டாள். ஆரம்பித்தது வினை.

முதல் தகராறு நூலின் நிறத்தில். நீலமா, ரோஸா? வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்பது 1994-ஆம் வருஷத்துச் சட்டம். பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டிப் பொருள் சேர்க்கக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். அரசாங்கத்துக்குப் பயந்து இளமஞ்சள். பாட்டிக்குப் பயந்து, வீடு தூங்கிய பிறகு தையல். ஐடா துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆங்கர் நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்துக் கோத்து, கட்டம் கட்டமாக ஒரு யானைக்குட்டி. யானை நன்றாகவே வரும். அதில் குறை சொல்ல முடியாது.

விவரம் போடும்போதுதான் பஞ்சாயத்து. “எடையைத் தச்சு மாட்டுவியாடி? கண்ணு படாது?” என்று பாட்டி பிடித்துக்கொள்வாள். எடை போயிற்று. “பிறந்த நேரத்தைச் சுவத்துல எழுதினா வர்றவன் போறவன் எல்லாம் ஜாதகம் கணிப்பான்” என்பார் பெரியப்பா. நேரமும் போயிற்று. பாட்டியின் திருப்திக்காக யானையின் கன்னத்தில் கறுப்பு நூலில் ஒரு திருஷ்டிப் பொட்டு சேரும். மீதியிருப்பது பெயர் ஒன்றுதான். அதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

பெயர் விஷயத்தில் மாநகராட்சிக்குக்கூட அவசரம் கிடையாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால், பெயரை ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். அத்தை அந்த ஆபீஸ் மாதிரி இல்லை. தினம் காலையில் போன் வரும். “பேரு என்னன்னு மட்டும் சொல்லு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ‘ட’, ‘ப’ வர்ற மாதிரி இருந்தா நல்லது.” அவள் கஷ்டம் அவளுக்கு. ‘ட’ என்றால் இரண்டு நேர்கோடு; கட்டத்தில் அடங்கிவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கோ ஜ, ஷ, ஸ்ரீ இல்லாமல் பெயரே கிடையாது. சரி, இங்கிலீஷில் தைக்கலாம் என்று ஆறு எழுத்துக்கு இடம் விட்டிருப்பாள். நியூமராலஜிக்காரர் ஓர் ‘ஏ’யும் ஒரு ‘ஹெச்’சும் கூடுதலாகப் போடச் சொல்வார். கடைசி எழுத்து யானையின் வாலில் போய் உட்காரும்.

தொட்டில் போடுகிற அன்று நாலு பேர் முன்னால் பிரித்துக் காட்டப்படும். எல்லோரும் “அருமை” என்பார்கள். குழந்தையின் அபிப்பிராயம் தெரியாது. சேலைத் தூளிக்குள் கிடக்கிற பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் சேலைதான். வெளியே எடுத்துப் போட்டாலும் பிறந்த குழந்தைக்குப் பார்வை ஓர் அடிக்குள்தான் தெளிவு. வெளிர் நிறத்தைவிடக் கறுப்பு வெள்ளையைத்தான் உற்றுப் பார்க்கும். இளமஞ்சள் யானையில் அதற்குப் பிடிக்கக்கூடியது அந்தத் திருஷ்டிப் பொட்டு மட்டும். அதுவும் பத்தடி தள்ளி, ஏசிக்குக் கீழே. ஆனாலும் விழுந்தால் உடையுமென்று அத்தை படச் சட்டத்துக்குக் கண்ணாடி போட மாட்டாள். பிள்ளை தலைக்கு மேலே கண்ணாடிப் படம் மாட்டி வைக்கிற படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் மாட்டுவதும் லேசில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்பார் ஓனர். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நம்பினால் யானை பெயின்ட்டைப் பெயர்த்துக்கொண்டு இறங்கிவிடும். அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். குழந்தையைப் பார்க்க என்றுதான் பேச்சு. கண் மட்டும் சுவரைத் தேடும்.

“மாப்பிள்ளை, யானை எங்க?”

“தூசி தட்டக் கழட்டினோம் அத்தை.”

இந்தப் பதில் ஒரு தடவைதான் செல்லும். அதற்குப் பிறகு, கேட்டில் வாட்ச்மேன் குரல் கேட்டதுமே கணவன் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தை இறக்கி, அந்த ஆணியில் யானையை மாட்டப் பழகிக்கொள்வான். அத்தை காபி குடித்து முடித்து, “மணி என்னாச்சு?” என்பாள். வீட்டிலுள்ள அத்தனை பேரும் யானையைப் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டில் விசேஷமென்றால் இன்றைக்கே ஓனரிடம் இன்னோர் ஆணிக்குக் கேட்டு வையுங்கள். இரண்டு ஆணியாகவே கேளுங்கள். அத்தை அடுத்த பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கி ஆரம்பித்துவிட்டாள்.